பால்மாவு டின்னுக்குள் சூரியன்

அத்தியாயம் பதினொன்று

அர்ச்சுனன் வீடு திரும்பிய கதையைப் போன வாரம் படித்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிக் குதித்துவிடலாம். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பது மரியாதை அல்லவா, அதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மலாய் நாட்டில் ரந்தாவுக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்தில் அர்ச்சுனன் பால்மரத்துப் பட்டையை வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தான். சங்கக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசினான். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நேரத்தில் நாலு வார்த்தையே அதிகம். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு இவன் அரிசி கொடுத்தனுப்புகிறான் என்று தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்திலிருந்தே யாரோ போலீசிடம் பெயர் கொடுக்க, ஒரு விடியற்காலையில் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தடுப்பு முகாமில் வருஷக்கணக்காகக் கிடந்தான். இந்தத் தைப்பூசத்துக்குப் பிறகுதான் விட்டார்கள். விடும்போது சிரம்பானில் பெரிய அதிகாரி ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: இன்னொரு புகார் வந்தால் முகாம் கிடையாது, கப்பல்தான்.

கப்பல் என்றால் நாடுகடத்தல், நாகப்பட்டினம். லிங்கி ஆற்றோரத் தோட்டத்தில் பிறந்த அர்ச்சுனன் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அவனை ஏற்றி அனுப்பிவிட்டால் தன் கதி என்ன என்று அவன் மனைவி முத்தாயி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

பெயர் கொடுத்தது யார் என்பதில் லயத்துக்குச் சந்தேகமே இல்லை. அர்ச்சுனனின் கூடப்பிறந்த அண்ணன், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ராமசாமிதான். தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. மடியில் கனம் இல்லாதவர் ஏன் ஒதுங்க வேண்டும் என்று லயம் கேட்டது. முத்தாயியும் அப்படித்தான் நினைத்தாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவரைப் பார்க்க நேர்ந்தால் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வாள்.

லயத்துக்காரர்களும் யோக்கியம் இல்லை. முகாம் போய் வந்தவன் வீட்டு வாசலில் நின்று பேசினால் தங்கள் தலையும் உருளும் என்று பயந்தார்கள். எதிரே வந்தால் குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அர்ச்சுனனும் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. வீட்டிலேயே பேசாதவன் வெளியிலா பேசப் போகிறான்? ‘ம்’ என்பான். ‘சரி’ என்பான். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூடச் சொல்லமாட்டான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள், “முத்தாயி, ஆயாக் கொட்டகையில காலி டின்னு கெடக்குமா?” என்று கேட்டான். அவள் கையிலிருந்த அகப்பை நழுவி அடுப்பில் விழுந்துவிட்டது.

கொட்டகைக்கு வருகிற பால்மாவு பெரிய பெரிய டின்களில் வரும். தாய்மார்கள் வெட்டுக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா முத்தாயிதான். காலி டின்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அர்ச்சுனன் மேலும் கீழும் வெட்டி எடுத்து, டின்னோடு டின்னாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே கரி பூசி, நீளமான ஒரு குழாய் செய்தான். குழாயின் ஒரு நுனியில் ரந்தாவ் சந்தையில் கிடைத்த பழைய மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கண்ணாடி. மறு நுனியில் லிம் கொடுத்த கண்ணாடி.

லிம் முகாமில் பக்கத்துப் பாய்க்காரன். கடிகாரம் பழுது பார்க்கிறவன். அங்கே தகரக் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகத் தினமும் ஒரு வெளிச்ச வட்டம் தரையில் விழுந்து நகர்ந்து போகும். ஓட்டை கோணல்மாணலாக இருக்க, வெளிச்சம் மட்டும் எப்படி வட்டமாக விழுகிறது என்று அர்ச்சுனன் கேட்டபோது, “அது ஓட்டை இல்லை, சூரியனோட படம்” என்று லிம் சொன்னான். அதன்பிறகு இருவருக்கும் அதுவே விளையாட்டாயிற்று. அர்ச்சுனன் விடுதலையாகிற நாளில், கண்ணில் இடுக்கிக்கொண்டு கடிகாரம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை லிம் அவன் கையில் வைத்து அழுத்திவிட்டான். லிம் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

வெட்டி எடுத்த மூடிகளை முத்தாயி விடுவாளா? ஒரு மூடியில் ஆணியால் பொத்துப் பொத்தென்று துளை போட்டு மரவள்ளிக்கிழங்கு துருவப் பார்த்தாள். பூப்போல விழுந்தது. ரேஷன் அரிசி பாதி வாரத்தில் தீர்ந்துபோகிற காலம். மரவள்ளி இல்லாத அடுப்பு லயத்தில் கிடையாது. பக்கத்து வீட்டு மங்கம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒன்னு போட்டுக் குடேன்” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசியில் எல்லா மூடியும் துருவியாகி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆளோடு பேசமாட்டார்கள், அவள் போட்ட துருவி மட்டும் இனித்தது.

இனி இந்த வாரத்துக் கதை.

கிரகணத்தன்று தோட்டமே சீக்கிரம் அடங்கிவிட்டது. சூரியனைப் பாம்பு பிடிக்கிற நேரத்தில் மரத்தடியில் நிற்கமாட்டோம் என்று பெரட்டிலேயே எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். துரை முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அவரவர் வீட்டில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுப்பு அணைந்தது. குடத்துத் தண்ணீரில் தர்ப்பைக்குப் பதிலாக ஏதோ ஒரு புல் மிதந்தது. தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, அது விழாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மங்கம்மாவின் மருமகள் செல்லம்மாவுக்கு நிறைமாதம். அவளை உள்ளறையில் படுக்கவைத்து, ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, ‘அசையாதே, சொறியாதே’ என்று மங்கம்மா காவல் இருந்தாள்.

முள்கம்பி வேலிக்குள் அடைந்த அந்த லயத்தில் வெளியே நின்றது இரண்டே பேர்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கோழிக் கூண்டு இருந்தது, ஆள் நுழையலாம். கூரைத் தகரத்தில் ஒன்றை மட்டும் கீல் வைத்துத் திறந்து மூடுகிற மாதிரி அர்ச்சுனன் மாற்றியிருந்தான். நடுவில் ஒரு மரக்கட்டை. அதன்மேல் உடைந்த சைக்கிளின் முன்கவை. அந்தக் கவையில் டின் குழாய். இப்படியும் அப்படியும் திருப்பலாம், மேலும் கீழும் சாய்க்கலாம்.

“கண்ண வெச்சிப் பாத்துடாத. பாத்தா கண்ணு வெந்துடும்,” என்றான்.

“அப்புறம் எப்படிங்க பாக்குறது?”

“குழாயோட நெழலப் பாரு. நீட்டமா இருக்கா? சூரியன் பக்கம் திரும்பலன்னு அர்த்தம். திருப்பத் திருப்ப நெழலு சுருங்கும். டின்னு வாய் அளவுக்கு வந்துச்சுன்னா நேரா புடிச்சாச்சு.”

முத்தாயி நிழலைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து இத்தனை வார்த்தை ஒன்றாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. கிரகணமாவது ஒன்றாவது, இந்த மனுஷன் பேசுகிறான் என்றால் நெருப்புமழையிலும் நிற்கலாம் என்று அவளுக்கு இருந்தது. மாரியம்மனை நினைத்து மனசுக்குள் கும்பிட்டாள். அப்படியே அந்த முகம் தெரியாத லிம்முக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

நிழல் சுருங்கியது. குழாயின் கீழ்நுனிக்கு நேரே, பலகையில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. அர்ச்சுனன் சின்னக் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்த, விளிம்பு கூர்மையாயிற்று. அதிரசம் அளவுக்கு வட்டமாக, சுத்தமாக, ஒரு சூரியன்.

“ஐயோ, இது நம்ம சூரியனா?”

“வேற யாரு வீட்டு சூரியன்?”

அவன் கேலி பேசினான்! முத்தாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காகிதத்துக்கு மேல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“அங்க ஓரத்தப் பாரு,” என்றான்.

வட்டத்தின் ஓரத்தில் யாரோ நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு கறுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாயிற்று. பாம்புமில்லை, பல்லுமில்லை. சத்தமே இல்லாமல் ஏதோ ஒன்று வந்து சூரியனுக்கு முன்னால் நின்றது.

“நெலா வந்து மறைக்குது. அவ்வளவுதான். வந்த வழியே போயிடும்,” என்றான் அர்ச்சுனன்.

வாசல் பக்கம் ஜீப் வந்து நின்ற சத்தம் அப்போதுதான் கேட்டது.

போலீஸ் சார்ஜன் யூசோப், லாபு ஊர்ப் பக்கத்துக்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவராதலால் தமிழ் வரும், கூடவே மலாய்க்காரர் பேச்சுக்கு முடிவில் போடுகிற ‘லா’வும் வரும். கூட இரண்டு ஸ்பெஷல் போலீஸ்காரர்கள். மூன்று பேரும் நேராகக் கோழிக் கூண்டுக்கு வந்தார்கள். எங்கே போக வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார்கள் என்று முத்தாயிக்குப் புரிந்துவிட்டது.

“என்னா இது, அர்ச்சுனா? மெரியமா?”

“பீரங்கி இல்லீங்க துவான். சூரியனப் பாக்குற குழாய்.”

சார்ஜன் கைத்தடியால் குழாயைத் தட்டினார். டங் டங் என்றது. டின் டின்னாகத் தடவிக்கொண்டே வந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“ஓட்டை எங்கே லா?”

அப்போதுதான் முத்தாயிக்கு உறைத்தது. தோட்டத்துக்குள் வருகிற ஒவ்வொரு உணவு டின்னையும் வாசலில் போலீஸ்காரர்கள் துப்பாக்கிக் கத்தியின் முனையால் இரண்டு குத்துக் குத்திதான் உள்ளே விடுவார்கள். குத்திய டின்னைக் காட்டுக்குள் பதுக்க முடியாது. ஈரம் ஏறிக் கெட்டுவிடும். குத்தாத டின் ஒருவன் வீட்டில் இருந்தால் அது காட்டுக்குப் போகிற டின் என்பது சட்டம். அந்தக் குத்து மூடியில்தான் விழும். மூடிகளோ வெட்டி எடுத்தாயிற்று. மிச்சமிருக்கிற டின்களின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

“இந்த வீட்டுல ஓட்டை போடாத டின் அடுக்கி வெச்சிருக்குன்னு சேதி வந்துச்சி. நான் நம்பல. இப்ப கண்ணால பாக்குறேன்.”

“துவான், இது ஆயாக் கொட்டகை டின்னுங்க! குத்து மூடில இருந்துச்சி!” முத்தாயி முன்னால் வந்தாள்.

“மூடி எங்கே?”

“துருவி போட்டு லயத்துப் பொம்பளைங்களுக்குக் குடுத்துட்டேன் துவான். எல்லார் வீட்டுலயும் இருக்கு. இப்பவே வாங்கியாந்து காட்டுறேன்.”

சார்ஜன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் ஒன்றை எடுத்தார்.

“இது முடியற வரைக்கும் நிக்கிறேன். அப்புறம் இவனை ஏத்திட்டுப் போவேன். எனக்கு வேற வழி இல்லை.”

முத்தாயி ஓடினாள்.

மங்கம்மா வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். “அக்கா! மங்கம்மாக்கா! நான் குடுத்த துருவிய ஒரு நிமிஷம் குடுங்க. போலீசு வந்து நிக்குது!”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “கிரகணம் விடட்டும்டி. கதவத் தெறக்கக் கூடாது. புள்ளத்தாச்சி படுத்திருக்கா.”

“விட்ட பொறகு அவரு இங்க இருக்கமாட்டாருக்கா!”

அடுத்த கதவு. அதற்கடுத்தது. உள்ளே மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஒருத்தரும் தாழ்ப்பாளைத் தொடவில்லை. கிரகணத்துக்குப் பயந்தார்களோ ஜீப்புக்குப் பயந்தார்களோ, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்தால் பாவம் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? முத்தாயிக்கு அப்போது அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. “நான் பால் ஊத்தி வளத்த புள்ளைங்க எத்தன பேரு இந்த வூட்டுக்குள்ள இருக்கீங்க!” என்று நடுவாசலில் நின்று கத்தினாள். வெயில் மங்கி, பூசணிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் லயத்தின் மேல் இறங்கியிருந்தது. கோழிகள் என்ன நேரம் என்று தெரியாமல் கூரை ஏறிக்கொண்டிருந்தன.

கடைசி வீடு மண்டோர் ராமசாமியுடையது. அந்தக் கதவை மட்டும் அவள் தட்டவில்லை. யாரிடம் கேட்டாலும் கேட்பாள், அந்த ஆளிடம் கேட்கமாட்டாள். வெறுங்கையோடு திரும்பி நடந்தாள்.

சிகரெட் முடிந்திருந்தது. ஒரு போலீஸ்காரன் அர்ச்சுனனின் தோளில் கை வைத்திருந்தான். அர்ச்சுனன் திமிறவில்லை, கெஞ்சவில்லை.

“முத்தாயி, உள்ள போயி காகிதத்தப் பாரு. இப்ப நல்லா தெரியும். இந்தச் சமயம் போச்சுன்னா அப்புறம் பாக்க முடியாது,” என்றான்.

இதைச் சொல்கிற நேரமா இது என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் மார்பில் முட்டிக்கொண்டு, “என்னையும் ஏத்திக்கச் சொல்லுங்க, என்னையும் ஏத்திக்கச் சொல்லுங்க,” என்று அழுதாள்.

“சார்ஜன்! நில்லுங்க!”

லயத்துக் கோடியிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் வெள்ளை வேட்டி, தலையில் ஈரத்துண்டு, கையில் ஒரு துருவி. தோட்டத்தையே குரலால் அதட்டுகிற மண்டோர், அடுப்படிச் சாமானை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு லயத்து நடுவே நடந்து வந்தார். மற்ற நாளாக இருந்தால் லயம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

“எம் பொண்டாட்டி வள்ளியம்மா வாங்கி வெச்சிருந்தா. எனக்கே இப்பதான் தெரியும்,” என்றார் மூச்சு வாங்க. “இந்தா பாருங்க துவான். நடுவுல ரெண்டு குத்து. ஆணி ஓட்ட இல்ல, கத்தி குத்து. உங்க ஆளுங்க போட்டது.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் ஒரு கதவு திறந்தது. மண்டோரே வெளியே வந்துவிட்ட பிறகு யார் உள்ளே இருப்பார்கள்? தோட்டத்தில் ஒரு வழக்கம். மண்டோர் கால் எடுத்துவைத்தால்தான் நிரையில் நிற்கிறவர்கள் கால் எடுத்துவைப்பார்கள். அன்றைக்கும் அப்படியே ஆயிற்று. இன்னொரு கதவு. இன்னொன்று. தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, சூரியனை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல், பெண்கள் ஒவ்வொருத்தியாகத் துருவியோடு வந்தார்கள். கடைசியாக மங்கம்மாவும் வந்தாள்.

“உலக்க தனியாவே நின்னுக்கும்,” என்று சொல்லிக்கொண்டே துருவியைச் சார்ஜன் கையில் திணித்தாள். “எம் மருமவதான் தொரத்திவிட்டா. ‘எனக்கு ஒன்னும் ஆவாது, மொதல்ல அந்தண்ணனப் பாருங்க’ன்னு.”

சார்ஜன் ஒவ்வொரு மூடியாகத் திருப்பிப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரன் ஒன்றை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அது அவனே குத்தியதாம். வாசல் காவலில் அவன் கத்தி முனை கொஞ்சம் உடைந்தது, அதனால் வெட்டு இப்படி வளைந்திருக்கிறதாம்.

நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சார்ஜன் துருவியைத் தலைக்கு மேலே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“துவான்! மேல பாக்காதீங்க!” அர்ச்சுனன் தோளில் இருந்த கையையும் மறந்து பாய்ந்தான். “கண்ணு போயிடும். கீழ பாருங்க, கீழ!”

சார்ஜன் சட்டென்று குனிந்தார்.

துருவியின் நிழல் விழுந்திருந்த செம்மண் தரையில், ஆணித் துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னச் சூரியன் இறங்கியிருந்தது. ஒன்றும் முழுசாக இல்லை. எல்லாம் தேங்காய்ச் சில்லு போல வளைந்து, ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தன. அவர் கை அசைய, அத்தனையும் சேர்ந்து அசைந்தன. ராமசாமியின் வேட்டியிலும் நாலைந்து ஏறி நின்றன.

“யா அல்லாஹ்,” என்றார் சார்ஜன் மெதுவாக.

மேலே பார்க்கப் பயந்து கண்ணை இறுக்கிக்கொண்டு வந்த பெண்கள், இப்போது தரையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி தன் துருவியைத் தானே தூக்கிப் பிடித்தாள். அதிலிருந்தும் விழுந்தன. எல்லோரும் பிடித்தார்கள். கோழிக் கூண்டைச் சுற்றித் தரையெல்லாம் சூரியன்.

சார்ஜன் துருவியை மங்கம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“என் வீட்டுலயும் இதே மாதிரி துருவி இருக்கு. என் சம்சாரம் ஊபி துருவுவா,” என்றார். மரவள்ளிக்கு மலாயில் அதுதான் பெயர். “அர்ச்சுனா, என் கண்ணைக் காப்பாத்துனதுக்கு நன்றி. சிரம்பானுக்கு நான் சொல்லிக்கிறேன். ஆயாக் கொட்டகை டின்னு, மூடி பாத்தாச்சு, முடிஞ்சுது.”

பிறகு யாரும் எதிர்பாராமல், “அந்தக் குழாயில ஒரு தடவை காட்டு லா. பார்த்துட்டுப் போய்க் கிரகணத் தொழுகை தொழணும்,” என்றார்.

அவர் கூண்டுக்குள் குனிந்து நுழைந்து, காகிதத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஜீப்பில் ஏறிப் போகிற வரைக்கும் முத்தாயி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஜீப் முள்கம்பி வாசலைத் தாண்டியதும்தான் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உடனே எழுந்தாள். ஒவ்வொருத்தியாகப் போய்க் கையைப் பிடித்தாள். மங்கம்மாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நல்லா இருக்கணும்க்கா. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்,” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்களும் அழுதார்கள். இத்தனை மாதம் குனிந்து போனதற்கும் சேர்த்து அழுதார்கள் போலிருந்தது.

ராமசாமி ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். முத்தாயி அவரிடமும் போனாள். கையைப் பிடிக்க முடியாதே, காலைத் தொட்டாள்.

“மாமா, நான் உங்கள எவ்வளவோ ஏசியிருக்கேன்.”

“ஏசத்தான் செய்வ. நான் வந்து நின்னுருக்கணும். வேல போயிடும்னு பயந்துட்டேன்,” என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “அர்ச்சுனா, அன்னிக்கு உன் பேரக் குடுத்தது நான்னு லயமே பேசுது. அம்மா மேல ஆணையா...”

“ஆணை எதுக்குண்ணே? நீ இல்லன்னு எனக்குத் தெரியும்,” என்றான் அர்ச்சுனன். “வா, சூரியனப் பாரு. பாதிக்கு மேல விட்டுருச்சி.”

அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடிக்கக் கூண்டுக்குள் குனிந்து நின்றார்கள். ராமசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார், எதைப் பார்த்தாரோ. பிறகு வள்ளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் மறுபடியும் வெயிலாயிற்று. லயத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் தலைமுழுகி, அடுப்பு மூட்டத் தொடங்கிவிட்டார்கள். அர்ச்சுனன் குழாயின் மேல் கோணியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான். முத்தாயி கூண்டுக்குள் வந்து, அவன் முதுகில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

“பேரக் குடுத்தது மாமா இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“விசாரிச்ச அதிகாரி ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டாரு.”

“அப்ப, யாருன்னும் தெரியுமா?”

அவன் கோணியின் ஓரத்தை இழுத்துவிட்டான். “தெரியும்.”

“யாருங்க?”

“இன்னிக்கு எனக்காக வெளிய வந்தவங்கள்ல ஒருத்தரு.”

முத்தாயி கூண்டு வாசல் வழியாக லயத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் நன்றி சொன்னியே, அவங்களுக்கும் சொல்லிட்ட. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் முத்தாயி. அன்னிக்கு என்ன பயமோ, என்ன பசியோ. இன்னிக்கு கதவத் தெறந்தாங்க இல்ல?”

வெளியே மங்கம்மாவின் குரல் கேட்டது. “முத்தாயி! மரவள்ளிப் புட்டு வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் இன்னிக்கு நம்ம வூட்லதான்!”

அதற்குள் எதிர்வரிசையிலிருந்து இன்னொரு குரல், “அதெல்லாம் இல்ல, நம்ம வூட்டுக்கு வரட்டும்!” என்றது. அதற்கடுத்த வாசலிலும் ஒருத்தி ஈரத்தலையோடு வந்து நின்று கையை அசைத்தாள். முகாமிலிருந்து அவன் வந்த நாளாக ஒரு வாய் தண்ணீருக்குக்கூடக் கூப்பிடாத வாசல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கூப்பிட்டன.

“போலாம் வா. பசிக்குது,” என்றான் அர்ச்சுனன்.

முத்தாயி நெஞ்சு நிறைய நன்றியோடு வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டு நிற்கிற முகங்களை வரிசையாகப் பார்த்தாள். முதலில் எந்த வாசலில் கால் வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.